அ முதல் ஹ வரை

மெட்டில்டா டீச்சரின் மகள் ஜோஸ்வினுக்கு நாலரை வயது வரைக்கும் காது நன்றாகவே கேட்டது. சேலையூரில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே பால்காரரின் பைக் வந்து நின்றால், முதலில் ஓடிப்போய் கம்பி வழியே எட்டிப் பார்ப்பவள் அவள்தான். பிப்ரவரியில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"உள்காதுல எலும்பு வளர ஆரம்பிச்சிரும்மா. அது அடைச்சிட்டா கேக்கறதுக்காக வைக்கிற கருவியோட வயரை உள்ள விட முடியாது. எவ்வளவு சீக்கிரம் பண்றீங்களோ அவ்வளவு நல்லது" என்றார் டாக்டர்.

அரசாங்கத்தின் 'மீள்செவி' திட்டத்தில் கருவியும் அறுவை சிகிச்சையும் இலவசம். ஒரே நிபந்தனை, பிள்ளைக்கு ஐந்து வயது நிறைவதற்குள் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஜோஸ்வினுக்கு செப்டம்பர் பதினெட்டாம் தேதி ஐந்து நிறைகிறது. பரிசோதனை எல்லாம் முடிந்து அவர்கள் விண்ணப்பிக்கப் போனது ஜூன் இரண்டாம் வாரம்.

"மூணு மாசம் இருக்குல்ல? ஒரு பேரை டைப் அடிக்க எவ்ளோ நேரம் ஆயிடப் போகுது?" என்றான் கணவன் ஐசக். அவனுக்கு மறைமலை நகரில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அளவு சரியாக இருக்கிற சாமானை அனுப்பிவைப்பதும் சரியில்லாததை ஒதுக்குவதும் அங்கே சில விநாடி வேலைதான்.

கேம்ப் ரோட்டில் லோகநாயகி நடத்தும் கம்ப்யூட்டர் மையத்தில் மெட்டில்டா போய் உட்கார்ந்தாள். லோகநாயகி பெயரை அடித்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: 'பெயர் வடிவத்துக்குப் பொருந்தவில்லை. எழுத்துகளை மட்டும் இடவும்.'

"எழுத்துதானே போட்டிருக்கோம்?"

"நீயும் நானும் போட்டுக்கீறோம். அது ஒத்துக்க மாட்டேங்குதேக்கா."

லோகநாயகி எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் 'ஜ' போட்டாள். பச்சை வந்தது. 'ஜோ' ஆக்கினாள். சிவப்பு. 'ஸ' பச்சை, 'ஸ்' சிவப்பு.

"கால் வெச்சாலும் கடிக்குது, கொம்பு வெச்சாலும் கடிக்குது, புள்ளி வெச்சாலும் கடிக்குது. காலைலேர்ந்து பதினோரு பேரு வந்தாங்கோ. ஒருத்தர் பேருகூட உள்ள போவல. நேத்து ஒரே ஒருத்தருக்குப் போச்சு. சரவணன்னு பேரு. கடைசில 'ன்' அடிக்க மறந்துட்டேன், அதான் போச்சு."

"இங்கிலீஷ்ல போட முடியாதா?"

"மூச்! தாய்மொழில மட்டும்தான்னு மேலயே எழுதிக்கீது பாரு. பேஜாரா கீதுக்கா. நீ ஆபீசுக்கே போய்ட்டு வா."

தாய்மொழிப் பெயர்ச் சரிபார்ப்பு இயக்ககம் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இயங்கியது. நலத்திட்டம் எதுவானாலும் பெயர் இந்த வாசலில் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் அடுத்த வாசலுக்குப் போகும். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆளுயரப் பலகை: 'எழுத்து என்பது அ முதல் ஹ வரை. சுற்றறிக்கை எண் 14.'

கண்காணிப்பாளர் தோத்தாத்ரி அன்பானவர். உட்காரச் சொன்னார்.

"மேடம் என்ன பண்றீங்க?"

"ஸ்கூல் டீச்சர் சார். ஒண்ணாவது ரெண்டாவதுக்குத் தமிழ் எடுக்கறேன்."

"அப்ப உங்களுக்கு விளக்கவே வேண்டியதில்ல. எழுத்துன்னா எது? அ, ஆ, இ, ஈ, அப்புறம் க, ங, ச. சரியா? இப்ப ஒரு கால் மட்டும் தனியா நிக்குது. அதைப் படிக்க முடியுமா?"

"முடியாது சார், ஆனா..."

"புள்ளி தனியா நின்னா?"

"அது எழுத்தோட சேர்ந்துதானே சார் வரும்?"

"ஆங்! சேர்ந்து வரும். அதாவது இன்னொருத்தரைச் சார்ந்து நிக்கும். அதுக்கு ஆபீஸ்ல என்ன பேர்? டிபெண்டென்ட். உங்க சம்பளப் பதிவேட்டுல உங்க பேருக்குள்ளயே உங்க குழந்தை பேரையும் எழுதுவீங்களா? தனிப் பத்தியில காட்டுவீங்க. அதே மாதிரி இந்தப் பேர்ல டிபெண்டென்ட்ஸை எல்லாம் இணைப்பு நாலுல காட்டணும்."

மெட்டில்டா இணைப்பு நான்கை வாங்கி நிரப்பினாள். வகுப்பில் பிள்ளைகளின் நோட்டில் புள்ளி விடுபட்டால் சிவப்பு மையில் வட்டம் போடும் அதே கையால், 'கொம்பு 1, கால் 1, விலங்கு 1, புள்ளி 2' என்று எழுதிக் கொடுத்தாள். 'வி' தலையில் வளைந்து நிற்கும் கோட்டுக்குப் பாடப்புத்தகத்தில் மேல்விலங்கு என்றுதான் பெயர்.

தோத்தாத்ரி படித்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"கொம்பு, கால், விலங்கு. மேடம், கால்நடை மருத்துவர் சான்று இல்லாம இதை வாங்க முடியாதே."

அவர் சிரிக்கிறாரா என்று மெட்டில்டா பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. விதிமுறைப் புத்தகத்தைத் திருப்பி, விலங்கு சம்பந்தப்பட்ட இணைப்புகள் என்ற தலைப்பில் விரலை வைத்துக் காட்டினார். பக்கத்து நாற்காலியில் ஜோஸ்வின் அவருடைய பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். 'டப்' என்று சத்தம் வருவதற்காகத்தான் எந்தக் குழந்தையும் அதைச் செய்யும். இவள் பழக்கத்தில் செய்துகொண்டிருந்தாள்.

மெட்டில்டா கால்நடை மருத்துவரிடமும் போனாள். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, வெளியே மாட்டுடன் காத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, 'மேற்படி கொம்பும் காலும் ஆரோக்கியமாக உள்ளன' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். இயக்ககத்தில் அந்தச் சான்றை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு அங்கே ஒரே தடவையில் ஏற்கப்பட்ட ஆவணம் அது ஒன்றுதான் என்று பிற்பாடு தெரியவந்தது.

டிபெண்டென்டுகள் நீங்கியதால் பெயரை இனி 'ஜஸவன' என்று போடலாம் என்றார் தோத்தாத்ரி. மெட்டில்டா மூன்று நாள் மாட்டேன் என்றாள்.

"போட்டுத் தொலைப்போம் மெட்டில்டா," என்றான் ஐசக். "பேரை அப்புறம் சரி பண்ணிக்கலாம். காதை அப்புறம் சரி பண்ண முடியாது."

"உனக்கென்ன, உன் பேர்ல ஒரு புள்ளிதான் போகுது."

அன்று மாலை ஜோஸ்வின் சமையலறைக்கு வந்து தண்ணீர் கேட்டாள். போன வாரம் வரைக்கும் 'தண்ணி' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது 'தயி' என்றாள். தன் குரலே தனக்குக் கேட்காத பிள்ளை, பேசக் கற்றதை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. மெட்டில்டா டம்ளரை நீட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள். லோகநாயகியின் மையத்தில் குழந்தை பெயர் ஜஸவன, தாய் மடடலட, தந்தை ஐசக, ஊர் சலயர என்று விண்ணப்பம் போனது. எல்லாம் பச்சை.

"இன்னாக்கா, ஜுரம் வந்தவங்க உளர்ற மாதிரி கீது" என்றாள் லோகநாயகி.

ஜூலை முழுவதும் நேர்காணலுக்குக் காத்திருப்பு. இயக்ககத்தின் கூடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் திரையில் இருப்பதை அப்படியே படிக்கும்.

"பவரகன... பவரகன... பவரகன."

யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். முந்நூறு பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நாள்தோறும் முந்நூறு பேர் வராமல் இருந்தார்கள்.

மெட்டில்டாவுக்கு மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. எழுந்து சத்தமாகக் கேட்டாள்: "இங்க பூவராகன்னு யாராவது இருக்கீங்களா?"

பின்வரிசையில் தண்ணி லாரி ஓட்டுகிற மேடவாக்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "நான்தாம்மா. நாலு நாளா குந்திகினுக்கீறேன், ஒருத்தனும் கூப்ட மாட்டேன்றான்."

"உங்களைத்தாண்ணா கூப்பிடறாங்க. ஓடுங்க!"

அன்றிலிருந்து ஒலிபெருக்கி ஒரு பெயரைச் சொல்லும், மெட்டில்டா எழுந்து அதைத் தமிழில் சொல்வாள். ஜவனநதம என்றால் ஜீவானந்தம். தரக என்றால் துர்கா. சில பெயர்களுக்கு அவளாலேயே உயிர் கொடுக்க முடியவில்லை. 'மலர' என்று கூப்பிட்டபோது மலர், மாலர், மலேரி என்று மூன்று குடும்பம் எழுந்து சண்டை போட்டுக்கொண்டது.

அன்று உள்ளே போன பூவராகன் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"தள்ளிட்டானுங்கம்மா. லாரி ஏறி எங்க வூட்டுக்காரிக்கு ஒரு காலு போச்சு. செயற்கைக் காலு கேட்டு வந்தேன். காந்தான்னு பேரு. காந்தால ரெண்டு காலு இருக்கக் கூடாதாம். கநதன்னு மாத்திட்டு, அது பொறந்த சர்ட்டிபிகேட்டோட ஒத்து வரலன்னு சொல்றானுங்க. லாரிகூட ஒரு காலைத்தாம்மா எடுத்துச்சு. இவனுங்க ரெண்டையும் எடுத்துட்டானுங்க."

மெட்டில்டாவின் முறையும் அப்படியே முடிந்தது. ஜஸவன என்ற குழந்தைக்கும் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற ஜோஸ்வின் என்ற குழந்தைக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று தோத்தாத்ரி வருத்தத்தோடு சொன்னார்.

"நீங்கதானே சார் அப்படிப் போடச் சொன்னீங்க?"

"விண்ணப்பத்துல போடச் சொன்னேன். சான்றிதழ்ல முழுப் பேரை வெச்சுக்கச் சொன்னேனா?"

"அப்ப ஜோஸ்வின்னு போட்டா?"

"வடிவத்துக்குப் பொருந்தாது."

"ஜஸவனன்னு போட்டா?"

"சான்றுக்குப் பொருந்தாது."

"அப்ப என் பொண்ணு என்ன சார் பண்றது?"

"அதை நாங்க சொல்ல முடியாது மேடம். பொருந்துதா இல்லையான்னு சொல்றதுதான் எங்க வேலை."

மெட்டில்டா கூடத்துக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சின்ன மேஜை போட்டு ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். கழுத்து அட்டையில் 'எப' என்று இருந்தது. மென்பொருள் செய்துகொடுத்த நிறுவனம் பராமரிப்புக்காக அங்கே உட்காரவைத்த என்ஜினியர் அவன்.

"எபியா?" என்றாள்.

"ஒரு வருஷமா யாரும் இப்படிக் கூப்பிடலக்கா" என்று அவன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். பிறகு லேப்டாப்பைத் திருப்பி ஒரே ஒரு வரியைக் காட்டினான். "இதுதான் எல்லாம். ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு சொல்வோம். டைப் பண்ற பேரு இந்த வரில சொன்ன மாதிரி இருக்கான்னு கம்ப்யூட்டர் பாக்கும். இருந்தா பச்சை, இல்லைன்னா சிவப்பு. இங்க 'அ'லேர்ந்து 'ஹ' வரைக்கும்னு எழுதியிருக்கு. கம்ப்யூட்டர்ல கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'ஹ'வுக்கு அப்புறம் தனியா வரிசைல இருக்குக்கா. அதையும் சேர்த்துக்கோன்னு கொஞ்சம் நீட்டி எழுதணும். அவ்ளோதான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம். டீ குடிச்சிட்டு வந்து பண்ணா இருபது."

"அப்புறம் ஏம்ப்பா பண்ணல?"

"எழுத்து எதுன்னு முடிவு பண்ணது வல்லுநர் குழு. அதை நான் தொட்டா வேலை போயிடும். யாராவது புகார் பதிவு பண்ணா ஏழு நாளைக்குள்ள நாங்க மாத்தியே ஆகணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. ஆனா புகார்ப் பக்கத்துலயும் இதே வரிதான்கா காவல் நிக்குது. புரியாத மாதிரி எதையாவது அடிச்சா புகார்னு எடுத்துக்க மாட்டாங்க. நானே புகார் குடுக்கப் பாத்தேன். என் பேர்லயே விலங்கு இருக்கு."

ஆகஸ்ட் இருபதாம் தேதி இயக்ககத்தின் முதலாம் ஆண்டு விழா. காத்திருந்த மக்களையே நாற்காலி போட்டுப் பார்வையாளர்களாக உட்காரவைத்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. இயக்குநர் ராஜகோபாலன் சால்வையோடு எழுந்து நின்றார்.

"அன்பார்ந்த தாய்மொழிப் பற்றாளர்களே! ஓராண்டுக்கு முன்பு நம் விண்ணப்பங்களில் என்னென்ன இருந்தன? கோடுகள், வளைவுகள், சுழிகள், புள்ளிகள்! இன்று எழுத்து மட்டுமே இருக்கிறது. இந்த ஆண்டு நம்மிடம் வந்த விண்ணப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை நாம் வெற்றிகரமாகத் தடுத்திருக்கிறோம். தவறான பயனாளி ஒருவர்கூட உள்ளே வரவில்லை. சரியான பயனாளியும் வரவில்லையே என்று சிலர் கேட்கலாம். துல்லியம் என்றால் இரு பக்கமும் துல்லியம்!"

கைதட்டல். தோத்தாத்ரி முதல் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, தட்டாதவர்களைத் தட்டச் சொல்லிச் சைகை காட்டினார்.

"எல்லாவற்றுக்கும் மேலான சாதனை இதோ!" என்று இயக்குநர் திரையைக் காட்டினார். 'பதிவான புகார்கள்: 0' என்று வந்தது. "ஓராண்டில் ஒரே ஒரு புகார்கூட இல்லை! இந்தியாவிலேயே... ஏன், உலகத்திலேயே, மக்கள் இவ்வளவு நிறைவோடு இருக்கிற அலுவலகம் உண்டா? இப்போதுகூட யாருக்காவது குறை இருந்தால் கைப்பேசியிலிருந்து பதியலாம். இதே திரையில் தெரியும். நான் காத்திருக்கிறேன்."

கூடம் முழுக்க ஆட்கள் கைப்பேசியை எடுத்தார்கள். எல்லாத் திரையும் சிவப்பானது. இயக்குநர் கைகட்டிப் புன்னகையோடு நின்றார்.

மெட்டில்டா மடியில் ஜோஸ்வின் தூங்கிப்போயிருந்தாள். பிள்ளையின் தலைமேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு மெட்டில்டா யோசித்தாள். புள்ளி கூடாது. கால் கூடாது. கொம்பு, சுழி, விலங்கு எதுவும் கூடாது. பன்னிரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரிந்த சொற்களெல்லாம் வரிசையாக வந்து, காலும் கொம்புமாக நின்று, திரும்பிப் போயின. தவறு என்று எழுத முடியாது. பொய் என்று எழுத முடியாது. கொடுமை என்பதற்குக் கிட்டேயே போக முடியாது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பச்சை வந்தது.

மேடைத் திரை ஒருமுறை துடித்தது. 'பதிவான புகார்கள்: 1' என்று மாறியது. கீழே பெரிய எழுத்தில்:

அட மட கயவ

பின்வரிசையில் பூவராகன்தான் முதலில் சிரித்தார்.

இயக்குநர் திரும்பிப் படித்தார். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர். சற்றும் அசரவில்லை.

"ஆகா! என்ன நயமான தமிழ்! மட என்றால் பழந்தமிழில் மென்மை, இளமை. கய என்றால் பெருமை. 'இளமையும் பெருமையும் உடையவரே' என்று யாரோ ஓர் அன்பர் என்னை விளித்திருக்கிறார். தோத்தாத்ரி, இது புகார் அல்ல, பாராட்டு. பாராட்டுக் கணக்கில் மாற்றிவிடுங்கள்."

தோத்தாத்ரி பாதி எழுந்தார். மெட்டில்டா தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முழுதாக எழுந்தாள்.

"மாத்தாதீங்க. அது பாராட்டு இல்ல. திட்டு. நான்தான் எழுதினேன்."

"அம்மா, நீங்கள் உணர்ச்சிவசப்பட்டு..."

"நான் தமிழ் டீச்சர் சார். மடத்தனத்துல வர்ற மட. கயவன்னா கயவன்தான். இதைவிட நல்லா திட்டத் தெரியும், உங்க மிஷினு விடல." அவள் குரல் வகுப்பின் கடைசி பெஞ்சுவரை போகிற குரல். ஒலிபெருக்கி அதற்குத் தேவைப்படவில்லை. "இதோ இவளுக்குக் காது கேக்காது. ஜூன்ல வந்தப்ப தண்ணின்னு சொல்லிட்டிருந்தா. இப்ப தயின்னு சொல்றா. காதுக்குள்ள எலும்பு வளர்ந்துட்டு இருக்கு சார், நீங்க சால்வை போட்டுட்டு இருக்கற இந்த நேரத்துலயும் வளர்ந்துட்டு இருக்கு. உங்க பேரை ஒருக்கா உங்க பெட்டில போட்டுப் பாத்திருக்கீங்களா? ரஜகபலன! உங்க அம்மா அப்படியா உங்களைக் கூப்பிட்டாங்க?"

கூடத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். தண்ணீர்க் கேன் பக்கத்திலிருந்து எபி கையைத் தூக்கினான்.

"சார், புகார் எண் ஒண்ணு பதிவாயிடுச்சு. புகார் குடுத்தவங்களே அது புகார்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. ஒப்பந்தப்படி ஏழு நாள்."

இயக்குநர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "வல்லுநர் குழு கூடிப் பரிசீலிக்கும்" என்றார். பிறகு தேசிய கீதத்தை உடனே போடச் சொன்னார். எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அது சுலபமாக முடிந்தது.

குழு ஆறு நாள் கூடியது. ஏழாம் நாள் எபி பத்து நிமிஷத்தில் வரியை நீட்டி எழுதினான். டீ குடிக்கவில்லை. லோகநாயகி தன் மையத்தில் 'ஜோஸ்வின்' என்று அடித்தாள். பச்சை வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து மெட்டில்டாவைக் கட்டிக்கொண்டாள். செப்டம்பர் பதினோராம் தேதி விண்ணப்பம் ஏற்கப்பட்டது. காந்தாவுக்கும் அதே வாரம் அனுமதி வந்துவிட்டதாகப் பூவராகன் போன் செய்து சொன்னார்.

மாதக் கடைசியில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர் தொப்பியைக் கழற்றாமலே பேசினார்.

"வயர்ல இருக்கற இருபத்திரண்டு மின்முனைல பதிமூணுதான்மா உள்ள போச்சு. அதுக்கு மேல எலும்பு வளர்ந்துடுச்சு. கேக்கும். ஆனா முழுசா இருக்காது, பயிற்சி நிறைய வேணும். ஜூன்லயே வந்திருந்தா..."

"ஜூன்லயே வந்தோம் டாக்டர்" என்றான் ஐசக். தொழிற்சாலையில் இத்தனை வருஷம் சாமானை அளந்தவனுக்கு, பதிமூன்று போக மீதி ஒன்பது என்ற கணக்கு அந்த வராந்தாவில் திரும்பத் திரும்ப வந்து நெஞ்சில் மோதியது.

கருவியை முடுக்கிய அன்று ஜோஸ்வின் திடுக்கிட்டு அழுதாள். அழுகைச் சத்தம் தனக்கே கேட்டதும் நிறுத்தினாள். மறுபடி கொஞ்சம் அழுது பார்த்தாள். மெட்டில்டாவும் ஐசக்கும் அவளுக்கு இருபுறமும் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நவம்பரில் இயக்ககத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தோத்தாத்ரி கையெழுத்து.

'தங்கள் புகார் எண் 1 பழைய வடிவத்தில் பெறப்பட்டுள்ளது. திருத்தப்பட்ட புதிய வடிவத்தின்படி அதில் புள்ளி, கால், கொம்பு ஆகியன போதிய அளவில் இல்லை. எனவே அவற்றைச் சேர்த்து, பிழையின்றி, பதினைந்து நாள்களுக்குள் மீண்டும் சமர்ப்பிக்கவும். தவறினால் மேற்படி புகார் பெறப்படாததாகக் கருதப்பட்டு, அதன் பேரில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் ரத்து செய்யப்படும்.'

மெட்டில்டா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டுக்குப் போனாள். லோகநாயகி எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். மெட்டில்டா தானே விசைப்பலகையை இழுத்துவைத்துக்கொண்டு, இந்த முறை எதையும் விடாமல் அடித்தாள்: 'அட மடக் கயவர்களே'

"நடுவுல எதுக்குக்கா 'க்'கு?" என்றாள் லோகநாயகி.

"அந்த எடத்துல ஒற்று மிகும்" என்றாள் மெட்டில்டா. 'பிழையின்றி' என்று கடிதத்திலேயே கேட்டிருந்தார்கள்.

விசையைத் தட்டினாள். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: 'வடிவத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது.'